எட்டுக் கலை வித்தியாசம்: சூரியக் குடும்பத்தை மனிதர் புரிந்துகொண்ட விதம்

சேலத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், "சூரியன் பூமியைச் சுற்றுகிறதா, பூமி சூரியனைச் சுற்றுகிறதா?" என்று கேட்டாலும் பிள்ளைகள் ஒரே குரலில் சரியான பதிலைச் சொல்லிவிடுவார்கள். "அது எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் வகுப்பு அடங்கிவிடும். புத்தகத்தில் இருக்கிறது, டீச்சர் சொன்னார் என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். பெரியவர்களிடம் கேட்டாலும் இதைவிட அதிகம் கிடைக்காது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரிவது எதுவுமே அந்தப் பதிலுக்குச் சாட்சி சொல்வதில்லை. ஏற்காட்டில் பகோடா பாயிண்ட் பாறைமேல் நின்று பாருங்கள். காலடிப் பாறை அசையாமல் கிடக்கிறது. சூரியன் கிழக்கே ஏறி மேற்கே இறங்குகிறது. இருட்டிய பிறகு நட்சத்திரங்கள் மொத்தமும் அதே போக்கில் நகர்கின்றன. மேலே எறிந்த கல் கையிலேயே திரும்பி விழுகிறது. இவ்வளவையும் பார்த்த ஒருவர், பூமி நிற்கிறது, வானம்தான் சுற்றுகிறது என்று முடிவு செய்தால் அவர் நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்.

அந்தப் படத்திலிருந்து இன்றைய படத்துக்கு வர மனிதருக்கு இரண்டாயிரம் ஆண்டு பிடித்தது. பழைய ஆட்களுக்கு அறிவு பற்றவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பழைய படத்தை வைத்துப் போட்ட கணக்கு பெரும்பாலும் சரியாகவே வந்தது. எங்கோ ஓரிடத்தில் கொஞ்சம் உதைத்தது. அந்தக் கொஞ்சத்தை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள்தான் படத்தை மாற்றினார்கள்.

பெயர்ச்சிக்குள் இருக்கும் வானியல்

நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதில்லை. கார்த்திகைக் கூட்டம் நம் தாத்தா பார்த்த அதே வடிவில்தான் இன்றும் இருக்கிறது. அந்த மாறாத பின்னணியில் ஏழு மட்டும் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன: சூரியன், சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. தொலைநோக்கி வரும்வரை எல்லா நாட்டினரும் கணக்கில் வைத்திருந்தது இந்த ஏழைத்தான்.

இவற்றில் சிலவற்றின் வேகம் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். குருப்பெயர்ச்சி ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 12 ராசிக்கு 12 ஆண்டு. சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை. 12 ராசிக்கு 30 ஆண்டு. இன்றைய அளவீட்டில் வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற 11.86 ஆண்டு, சனி சுற்ற 29.46 ஆண்டு. ராகு கேதுப் பெயர்ச்சி ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதற்கும் காரணம் இருக்கிறது. ராகுவும் கேதுவும் பொருட்கள் அல்ல. சந்திரனின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள். அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்றை முடிக்க 18.6 ஆண்டு ஆகிறது. சூரியனும் சந்திரனும் அந்தப் புள்ளிகளுக்கு அருகே வரும்போதுதான் கிரகணம் பிடிக்கும். எனக்கு ஜோதிடப் பலன்களில் நம்பிக்கை கிடையாது. ஆனால் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்து இந்த எண்களை எடுத்தவர்கள்மேல் பெரிய மரியாதை இருக்கிறது.

மெதுவாக நகர்வது தூரத்தில் இருக்கும் என்று பழைய ஆட்கள் ஊகித்தார்கள். அதன்படி சந்திரன் மிக அருகே, சனி மிகத் தொலைவில். இந்த ஊகம் சரியானதுதான். எது நடுவில் என்பதில்தான் கோளாறு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிவன் கோயில் நவக்கிரக சன்னதியில் சூரியன் நடுவில் நிற்பதைக் காட்டி, பூமி சூரியனைச் சுற்றுவது நம் முன்னோருக்கு அப்போதே தெரியும் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு செய்தி வரும். அது சரியல்ல. அந்த ஒன்பதில் சந்திரன் இருக்கிறது, பூமி இல்லை. பூமியில் நிற்பவர் மேலே பார்த்து எழுதிய பட்டியல் அது. நம் முன்னோரின் உண்மையான சாதனைகள் வேறு இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

அகத்தியர் நட்சத்திரம் காட்டும் உருண்டை

பூமி உருண்டை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. தை, மாசி இரவுகளில் சேலத்திலிருந்து தெற்கே பார்த்தால் அகத்தியர் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். இங்கே அது உச்சியில் 25 பாகைக்கு (டிகிரிக்கு) மேல் ஏறுகிறது. எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் தொடுவானத்துக்குச் சற்று மேலே தலைகாட்டிவிட்டுப் போய்விடும். ஏதென்ஸில் அது எழுவதே இல்லை. பூமி தட்டையாக இருந்தால் இப்படி ஊருக்கு ஊர் மாறாது. கிரகணத்தின்போது சந்திரன்மேல் விழும் பூமியின் நிழல் எப்போதும் வட்ட விளிம்போடு இருப்பதையும் அரிஸ்டாட்டில் சுட்டிக்காட்டினார். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் இரண்டு ஊர்களின் நண்பகல் நிழலை ஒப்பிட்டு, அவற்றின் இடைவெளி பூமியின் சுற்றளவில் 50இல் ஒரு பங்கு என்று கணக்கிட்டார். ஆக, உருண்டைப் பூமி பழைய செய்தி. அந்த உருண்டை நகர்கிறது என்பதை ஒப்புக்கொள்வதுதான் கடினமாக இருந்தது.

பின்னால் நடக்கும் செவ்வாய்

ஊர்ந்து போகும் கோள்கள் பொதுவாக நட்சத்திரங்களுக்கு நடுவே மேற்கிலிருந்து கிழக்காக நகரும். சில சமயம் ஒரு கோள் வேகம் குறைந்து, நின்று, சில வாரமோ சில மாதமோ பின்னோக்கிப் போய், மறுபடி நின்று, பழைய திசைக்குத் திரும்பும். பஞ்சாங்கத்தில் வக்கிரம் என்று போடுவது இதைத்தான். பூமியைச் சுற்றி ஒழுங்காக வட்டமிடும் ஒரு பொருள் ஏன் பின்னால் நடக்க வேண்டும்?

கி.பி. 150 வாக்கில் அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்த டாலமி இதற்கு விரிவான ஒரு ஏற்பாடு செய்தார். கோள் ஒரு சிறு வட்டத்தில் சுற்றுகிறது. அந்தச் சிறு வட்டத்தின் மையம் பூமியைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்தில் போகிறது. இரண்டு நகர்வும் சேரும்போது அவ்வப்போது கோள் பின்னால் போவதுபோல் தெரியும். வட்டங்களின் அளவையும் வேகத்தையும் சரியாக வைத்தால், செவ்வாய் அடுத்த ஆண்டு எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். 1,400 ஆண்டுகள் இந்தக் கணக்கு ஓடியது.

அதில் ஒரு விசித்திரம் இருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்றிலும் சிறு வட்டத்தின் சுழற்சி சூரியனின் ஓராண்டு ஓட்டத்தோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. புதன், வெள்ளி இரண்டின் சிறு வட்ட மையங்கள் எப்போதும் சூரியன் இருக்கும் திசையிலேயே இருந்தன. எல்லாக் கோள்களின் கணக்கிலும் சூரியன் ஏன் நுழைகிறது? டாலமியின் படத்தில் இதற்குக் காரணம் இல்லை. அப்படித்தான் இருக்கிறது, அவ்வளவுதான்.

காரணம் நாம் ஓடிக்கொண்டிருப்பதே. பூமிக்கு ஒரு சுற்றுக்கு 365 நாள், செவ்வாய்க்கு 687 நாள். ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை உள்வட்டத்தில் போகும் நாம் வெளிவட்டத்தில் போகும் செவ்வாயைத் தாண்டுகிறோம். தாண்டும் அந்தச் சில வாரங்களில் அது பின்னால் போவதாகத் தெரிகிறது. செவ்வாய் திரும்புவதே இல்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்றுக்கும் டாலமி தனித்தனியாகக் கொடுத்த சிறு வட்டங்களும், புதன், வெள்ளி இரண்டுக்கும் கொடுத்த பெரிய வட்டங்களும் பூமியின் ஒரே சுற்றுப்பாதையின் சாயல்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

அரிஸ்டார்க்கஸ் தோற்ற காரணம்

சூரியன் நடுவில் இருக்கிறது, பூமி சுற்றுகிறது என்று சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். ஏறக்குறைய யாருமே ஏற்கவில்லை. அதற்கு வலுவான காரணம் இருந்தது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள். அருகிலிருக்கும் மரங்கள் விருட்டென்று பின்னால் ஓடுகின்றன. தூரத்துக் கஞ்சமலை அசைவதாகவே தெரியாது. இருந்தாலும் நாலைந்து கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் பார்த்தால் அதுவும் கொஞ்சம் இடம் மாறியிருக்கும். நாம் நகர்ந்தால் அருகிலுள்ளவை தொலைவில் உள்ளவற்றுக்கு எதிராக இடம் மாறித் தெரிய வேண்டும். பூமி சூரியனைச் சுற்றினால் ஆறு மாதத்தில் நாம் 30 கோடி கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்போம். அப்படியானால் அருகிலுள்ள நட்சத்திரங்கள் தொலைவில் உள்ளவற்றுக்கு எதிராக இடம் மாறித் தெரிய வேண்டுமல்லவா? எவ்வளவு உற்றுப் பார்த்தும் எதுவும் மாறவில்லை. ஆகவே பூமி நகரவில்லை என்றார்கள். நியாயமான வாதம். நட்சத்திரங்கள் நினைத்துப் பார்க்க முடியாத தொலைவில் இருந்தால் மட்டுமே இந்த வாதம் தோற்கும். உண்மையில் அப்படித்தான் இருக்கின்றன. அந்த இடமாற்றத்தை 1838இல் ஜெர்மனியின் பெசல்தான் நம்பும்படி முதன்முதலில் அளந்தார். அன்னப்பறவை விண்மீன் கூட்டத்தின் ஒரு மங்கலான நட்சத்திரத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த அளவு வெறுங்கண்ணுக்குத் தெரிய வழியே இல்லை.

சோழியால் போட்ட கிரகணக் கணக்கு

இனி நம் பக்கம். 476இல் பிறந்த ஆரியபட்டர் பூமி தன்னைத்தானே சுற்றுகிறது, அதனால்தான் வானம் மேற்கே நகர்வதாகத் தெரிகிறது என்று துணிந்து எழுதினார். கிரகணங்கள் நிழலால் வருகின்றன என்றும் விளக்கினார். பின்னால் வந்த வராகமிகிரர் ஒப்புக்கொள்ளவில்லை: பூமி சுழன்றால் பறந்துபோன பறவைகள் கூட்டுக்கு எப்படித் திரும்பும்? பிரம்மகுப்தரும் எதிர்த்தார். பறவையும் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றன என்ற பதில் அப்போது யாருக்கும் தெளிவாகப் பிடிபடவில்லை. கேரளத்தில் நீலகண்ட சோமயாஜி 1500 வாக்கில் இன்னொரு படி போனார். ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன, அவற்றோடு சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்பது அவருடைய அமைப்பு. ஐரோப்பாவில் டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹே இதே மாதிரி ஒன்றை வெளியிட்டது 1588இல்.

தமிழ்நாட்டில் ஓடியது வாக்கிய முறை. சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து, மறுபடி மிக அருகே வர ஏறக்குறைய 27.55 நாள் ஆகிறது. அது போல ஒன்பது சுற்று முடிய 248 நாள். எனவே 248 நாட்களுக்கான சந்திரனின் இடத்தை 248 வாக்கியங்களில் எண்ணாகக் கோத்து மனப்பாடம் செய்துகொண்டார்கள். 1825இல் பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட வாய்பாட்டை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் பதிவு செய்திருக்கிறார். தொடக்க நேரம் 4 நிமிடம்தான் பிசகியது. நடு நேரம் 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. அந்தப் பஞ்சாங்கக்காரர் மனதில் வானத்தின் படம் எதுவும் தேவைப்படவில்லை. எண்கள் போதுமாக இருந்தன.

கணக்கு சரியாக வருவதும் படம் சரியாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஆனால் எண்களை மட்டும் நம்பினால் சின்னப் பிசகு நூற்றாண்டுகளில் சேர்ந்து பெருகும். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும், இன்றைய அளவீடுகளை வைத்துக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் இன்று இருக்கும் தகராறு இதிலிருந்துதான் வருகிறது. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரியில். வாக்கியப்படி திருநள்ளாறில் பெயர்ச்சி கொண்டாடியது அதே ஆண்டு டிசம்பரில். தொலைநோக்கியில் பார்த்தால் வானத்தில் சனி இருக்கும் இடம் திருக்கணிதத்தோடு ஒத்துப்போகும்.

ஐரோப்பாவிலும் இதே தகராறு நடந்தது. 1543இல் வெளியான நூலில் கோப்பர்னிகஸ் சூரியனை நடுவில் வைத்தார். வக்கிரம் ஏன் என்பதற்கு அழகான விளக்கமும், கோள்களின் வரிசையும் தூர விகிதமும் ஒரே அடியில் கிடைத்தன. ஆனால் வட்டப் பாதையை அவர் விடவில்லை, அதனால் அவரும் சிறு வட்டங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. 1563இல் வியாழனும் சனியும் நெருங்கி வந்தன. அப்போது பதினாறு வயதான டைக்கோ பிராஹே அதைக் கவனித்தார். பழைய அட்டவணை ஒரு மாதம் தவறியிருந்தது. கோப்பர்னிகஸ் கணக்கில் எழுதிய புது அட்டவணையும் சில நாள் தவறியிருந்தது. இரண்டுமே போதாது, முதலில் ஒழுங்காக அளக்க வேண்டும் என்று அந்தப் பையன் முடிவு செய்தார். வாழ்நாளெல்லாம் அதையே செய்தார்.

எட்டுக் கலை

ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. பௌர்ணமி நிலவின் அகலம் ஏறக்குறைய 30 கலை. டைக்கோ தொலைநோக்கி இல்லாமல், பெரிய பெரிய கோணமானிகளை வைத்து, ஒன்றிரண்டு கலைத் துல்லியத்தில் கோள்களை அளந்தார். இருபது ஆண்டுக்கு மேல் அளந்தார். 1601இல் அவர் இறந்தபோது அந்த அளவீடுகள் யோகான்னஸ் கெப்ளர் கைக்கு வந்தன.

கெப்ளர் எடுத்துக்கொண்டது செவ்வாயை. வட்டப் பாதை வைத்து, ஆண்டுக்கணக்கில் கையால் கணக்குப் போட்டு, ஒரு நல்ல அமைப்பைக் கண்டுபிடித்தார். சில இடங்களில் டைக்கோவின் அளவோடு 2 கலைக்குள் ஒத்துப்போனது. வேறு சில இடங்களில் 8 கலை விலகியது. 8 கலை என்றால் நிலவின் அகலத்தில் கால் பங்கு. டாலமி காலத்தில் யாரும் அதைப் பிசகு என்றே சொல்லியிருக்க மாட்டார்கள், அவர்களுடைய அளவீடே அந்த அளவுக்குத்தான் துல்லியம். ஆனால் டைக்கோ 8 கலை தவற மாட்டார் என்பது கெப்ளருக்குத் தெரியும். அப்படியானால் தவறு வட்டத்தில்தான் இருக்கிறது. ஆண்டுக்கணக்கான உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். இந்த எட்டுக் கலைதான் வானியல் முழுவதையும் திருத்திக் கட்ட வழிகாட்டியது என்று அவரே பின்னால் எழுதினார். 1609இல் முடிவு வெளியானது: செவ்வாயின் பாதை நீள்வட்டம். சூரியன் அதன் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும் குவியம் என்ற புள்ளியில் இருக்கிறது. சூரியனுக்கு அருகே வரும்போது கோள் வேகமாகவும், விலகும்போது மெதுவாகவும் ஓடுகிறது. இவை கெப்ளரின் முதல் இரண்டு விதிகள்.

இதைச் சரிபார்க்கத் தொலைநோக்கி வேண்டாம், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர் போதும். தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியை, அதாவது 30 பாகையைக் கடக்கும் காலம். எல்லா மாதமும் சமமாக இருக்க வேண்டும். ஆனால் மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடுகிறது. ஆனி 31, 32 நாள் வரை போகிறது. ஏன்? பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி தொடக்கத்தில், அதாவது மார்கழியில். அப்போது தூரம் 14.7 கோடி கிலோமீட்டர், பூமி வேகமாக ஓடுகிறது, சூரியன் ராசியைச் சீக்கிரம் கடந்ததுபோல் தெரிகிறது. மிகத் தொலைவில் இருப்பது ஜூலை தொடக்கத்தில், ஆனியில். தூரம் 15.2 கோடி கிலோமீட்டர், ஓட்டம் மெதுவாகிவிடுகிறது. பூமியின் பாதை நீள்வட்டம் என்பதை நம் மாதங்களின் நீளம் எப்போதிருந்தோ சொல்லிக்கொண்டு இருக்கிறது. கோடையும் குளிரும் இதனால் வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். மிக அருகே இருக்கும் மார்கழியில்தான் நாம் குளிர்கிறோம். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பது.

அப்புறம் கெப்ளரின் மூன்றாவது விதி. ஒரு கோள் சுற்றும் ஆண்டுகளை எடுத்து அதையே அதனால் பெருக்குங்கள். சூரியனிலிருந்து அதன் தூரத்தை, பூமியின் தூரத்தை 1 என்று வைத்து, மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள். இரண்டும் ஒன்றாக வரும். வியாழனுக்கு ஆண்டு 11.86, தூரம் 5.2. முதல் பெருக்கல் 140.7, இரண்டாவது 140.6. சனிக்கு 29.46, 9.54. இரண்டுமே 868 பக்கம் வருகின்றன. செல்போன் கால்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பெயர்ச்சிக் காலத்தை மட்டும் வைத்து அந்தக் கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடிகிறது!

வியாழனுக்கு அருகே நாலு புள்ளி

1610 ஜனவரி 7 இரவு கலிலியோ தன் தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பினார். அருகே ஒரே கோட்டில் மூன்று சிறு நட்சத்திரங்கள். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின, நாலாவது ஒன்றும் தெரிந்தது. அவை வியாழனைச் சுற்றும் நிலவுகள். எல்லாமே பூமியைத்தான் சுற்ற வேண்டும் என்ற விதி அங்கே உடைந்தது. ஒரு நல்ல பைனாகுலரை ஆடாமல் ஊன்றி வைத்தால் ஏற்காட்டின் தெளிந்த இரவில் நீங்களும் அவற்றைப் பார்க்கலாம். அதே ஆண்டுக் கடைசியில் வெள்ளிக்கும் பிறை உண்டு என்பதைப் பார்த்தார். வெள்ளி சிறியதாகத் தெரியும்போது கிட்டத்தட்ட முழு வட்டம், பெரியதாகத் தெரியும்போது மெல்லிய பிறை. டாலமியின் படத்தில் வெள்ளி எப்போதும் நமக்கும் சூரியனுக்கும் இடையில் இருப்பதால் முழு வட்டமாகத் தெரியவே முடியாது. அந்தப் படம் அன்றோடு முடிந்தது. ஆனால் டைக்கோவின் அமைப்பு, நீலகண்டரின் அமைப்பைப் போன்றது, இந்தப் பிறைகளையும் விளக்கிவிடும். கலிலியோ பூமியின் ஓட்டத்தை நிரூபித்துவிட்டார் என்று பாடப்புத்தகங்கள் சொல்வது கொஞ்சம் அவசரம். 1633இல் அவர்மேல் விசாரணை நடந்து வீட்டுக்காவலில் வைக்கப்பட்டது அநியாயம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஒரே கேள்வி, இரண்டு விடை

1687இல் நியூட்டன் ஒரே விதியில் எல்லாவற்றையும் கட்டினார். கல்லைக் கீழே இழுக்கும் அதே விசைதான் சந்திரனைப் பூமியோடும் கோள்களைச் சூரியனோடும் பிடித்து வைத்திருக்கிறது. கெப்ளரின் மூன்று விதிகளும் அதிலிருந்து தானாக விழுந்தன. நியூட்டனின் விதியை வைத்துத் திரும்பி வரும் என்று எட்மண்ட் ஹாலி கணித்த வால்நட்சத்திரம் 1758 கிறிஸ்துமஸ் இரவில் மறுபடி தென்பட்டது, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு.

1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டார். ஏழு என்ற பழைய கணக்கு அன்று உடைந்தது. சில பத்தாண்டுகளில் யுரேனஸ் நியூட்டன் கணக்கிலிருந்து லேசாக விலகுவது தெரிந்தது. பிரான்சின் லெவெரியே, வெளியே இன்னொரு கோள் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு அது இருக்க வேண்டிய இடத்தைத் தாளிலேயே கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் தேடினார்கள். அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது.

புதனிலும் பிசகு இருந்தது. அதன் நீள்வட்டம் மெல்லத் திரும்பிக்கொண்டே போகிறது. மற்றக் கோள்களின் இழுப்பைக் கழித்த பிறகும் நூறு ஆண்டுக்கு 43 விகலை மிச்சம். கலையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு விகலை. அதே லெவெரியே அதே வழியில் போனார்: சூரியனுக்கு அருகே வல்கன் என்று ஒரு கோள் இருக்க வேண்டும் என்றார். கிரகணத்துக்குக் கிரகணம் தேடினார்கள். கிடைக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கோள் இல்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாடு அந்த 43 விகலையை அப்படியே கொடுத்தது. ஒரே மாதிரிப் பிசகு. ஒருமுறை விடுபட்ட கோளைக் காட்டியது, இன்னொருமுறை விதியே போதாது என்று காட்டியது. எது எப்போது என்று முன்கூட்டியே சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

நம் வட்டாரத்தின் பங்கு

1861இல் சென்னை வானாய்வகத்தில் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்டதால் அதற்கு ஆசியா என்றே பெயர். சேலத்துக்கு வடகிழக்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பல இடங்களிலிருந்து பார்த்தார்கள். யுரேனஸ் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று மங்கி மீண்டதைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் பதிவு செய்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. 1988இல் ராஜமோகன் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏற்காட்டுக்கு வருகிற பள்ளிச் சுற்றுலாக்களில் பாதியாவது காவலூர்ப் பக்கமும் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

புளூட்டோ விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1930இல் கோளாகச் சேர்ந்தது, 1992க்குப் பிறகு அதே பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொருட்கள் அகப்பட்டன, 2006இல் குறுங்கோள் ஆனது. பலர் இதற்கு வருத்தப்படுகிறார்கள். 1801இல் கண்ட சீரிஸையும் முதலில் கோள் என்றுதான் சொன்னார்கள், அருகே நிறையக் கிடைத்ததும் சிறுகோள் என்று மாற்றினார்கள். அதிக முக்கியமான மாற்றம் 1995இல் நடந்தது. 51 பெகாசி என்ற சூரியன் போன்ற நட்சத்திரத்தை வியாழனை ஒத்த ஒரு பெரிய கோள் நாலு நாளுக்கு ஒருமுறை சுற்றுவது தெரிந்தது. பெரிய கோள்கள் தொலைவில்தான் இருக்கும் என்று நம் சூரியக் குடும்பத்தை வைத்துப் போட்ட கணக்கு அங்கே செல்லவில்லை. கோள்கள் பிறந்த இடத்திலிருந்து நகரக்கூடும் என்பது இப்போது நம் வியாழனின் கதையிலும் பேசப்படுகிறது.

வக்கிரத்தை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 2027 தொடக்கம் நல்ல சமயம். பிப்ரவரி 19 அன்று பூமி செவ்வாயைத் தாண்டுகிறது. அப்போது செவ்வாய் சிம்மத்தில், மகம் நட்சத்திரத்துக்கு அருகே இருக்கும். மகத்தையும் சுற்றியுள்ள நாலைந்து நட்சத்திரங்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, 2026 டிசம்பரிலிருந்து செவ்வாயின் இடத்தைப் புள்ளி வைத்து வாருங்கள். டிசம்பரில் நள்ளிரவுக்குப் பிறகும், ஜனவரியில் இரவு பத்து மணிக்கு மேலும் கிழக்கே தெரியும். ஜனவரி இரண்டாம் வாரம் வாக்கில் அது நின்று, மேற்கே திரும்பி, மகத்தைத் தாண்டி ஏப்ரல் தொடக்கம் வரை பின்னால் போகும். வாரத்துக்கு ஒரு புள்ளி போதும், ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் தேதியை எழுதிவிடுங்கள். மே வரை விடாமல் வைத்தால் திரும்பிய இடம் இரண்டும் தாளில் தெளிவாகத் தெரியும்.